செம்பனை அடியில் முளைப்பது லிங்ஸி அல்ல

பேராக்கில் பால்மரம் நின்ற தோட்டங்கள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன. வயதான செம்பனையின் அடித்தண்டில் சில இடங்களில் ஒரு காளான் தட்டுத் தட்டாக ஒட்டியிருக்கும். செம்பழுப்பு நிறம், வார்னிஷ் பூசியது போன்ற பளபளப்பு, வெள்ளை விளிம்பு. ஈப்போவின் சீன மருந்துக் கடைகளில் லிங்ஸி என்னும் மருந்துக் காளானைப் பார்த்துப் பழகியவர்கள் அதுவே இது என்று நினைத்துவிடுவார்கள்.

இரண்டும் கானோடெர்மா பேரினம்தான், ஆனால் உறவு அத்தோடு முடிகிறது. செம்பனையை அழிப்பது கானோடெர்மா போனினென்ஸ். சீனாவில் மருந்துக்காகப் பயிரிடும் இனத்துக்கு கானோடெர்மா லிங்ஸி என்ற தனிப்பெயர் 2012-ல்தான் கிடைத்தது. அதுவரை, 1781-ல் இங்கிலாந்துக் காளானுக்கு வைத்த லூசிடம் என்ற பெயரே அதற்கும் வழங்கியது. வட அமெரிக்காவில் ஹெம்லாக் என்னும் ஊசியிலை மரத்தில் வளரும் ட்சூகே இன்னோர் இனம்.

ஆகவே முதலில் மரத்தைப் பாருங்கள், பிறகு காளானைத் திருப்புங்கள். கானோடெர்மாவின் அடியில் செவுள்கள் இருக்காது, நுண்துளைகளே இருக்கும். புதிய காளானின் வெண்மையான அடிப்பக்கத்தை நகத்தால் கீறினால் பழுப்பாகும். சுற்றிலும் பழுப்புத் தூள் படிந்திருந்தால் அது அதன் வித்துத்தூள். பழைய பால்மரக் கட்டையில் மஞ்சள் விளிம்போடு ஆரஞ்சு நிறத்தில் இருப்பது வேறு: வெள்ளை வேர் நோயைத் தரும் ரிகிடோபோரஸ். கண்ணுக்குத் தெரியும் இந்த அடையாளங்கள் பேரினம் வரைதான் கொண்டுபோகும். இனத்தை உறுதிசெய்ய நுண்ணோக்கியும் மரபணுச் சோதனையும் வேண்டும்.

செம்பனைக் காளானைப் பறித்துக் கொதிக்க வைக்காதீர்கள். அது முளைக்கும் மரத்தடி வட்டத்தில்தான் களைக்கொல்லி அடிக்கிறார்கள். கடை லிங்ஸியின் புகழுக்கே ஆதாரம் மெலிவு: இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் இதயநோய் அபாயக் காரணிகளைக் குறைக்க அதைப் பயன்படுத்தச் சான்றுகள் ஆதரவளிக்கவில்லை என்றது 2015-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. மாத்திரையை நிறுத்திவிட்டு லிங்ஸியை நம்புவது ஆபத்து.

இந்தத் தட்டுகள் தோட்டத்துக்குத் தரும் செய்தி வேறு. மலாயாவில் 1931-லேயே பதிவான அடித்தண்டு அழுகல் நோயின் அடையாளம் அவை. வெளியே தட்டு தெரியும்போது உள்தண்டு பெரும்பாலும் அழுகத் தொடங்கியிருக்கும். விரியாத குருத்துகள் பல சேர்ந்து நின்றால் சந்தேகம் வலுக்கும். நோயுற்ற அடிக்கட்டையை மண்ணிலேயே விட்டு மறுநடவு செய்தால் இளங்கன்றுக்கும் நோய் தொற்றும். மரத்தை அடையாளமிட்டு மண்டோரிடம் சொல்லுங்கள். சிறுதோட்டக்காரர்கள் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் துனாஸ் என்னும் ஆலோசனை அலுவலர்களை அணுகலாம்.