வெயிலுக்குக் காயாத மிளகாய்

ராமநாதபுரம் பக்கம் மிளகாயைக் காயவைப்பது வெயிலின் வேலை. பறித்த பழங்களைக் களத்தில் பரப்பிவிட்டால் போதும், அவ்வப்போது கிளறிக் கொடுத்தால் குண்டுகுண்டான முண்டு வற்றல் தயார். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வற்றலுக்கு ஒரே எதிரி, நேரங்கெட்ட மழை. வானம் கறுத்ததும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நனைந்த பழம் வெளுத்துச் சண்டு வற்றலாகிவிடும், விலையும் சரிந்துவிடும்.

அறுவடைக் காலம் முழுக்க வானம் கறுத்தே கிடக்கும் ஊரில் என்ன செய்வார்கள்? எத்தனை வெயில் அடித்தாலும் காயாத மிளகாயாகவே இருந்தால்?

இரண்டாவது சிக்கல் மெக்சிகோவினுடையது. அங்கே விளையும் ஹலபேன்யோ, கட்டைவிரல் பருமனில் தடித்த சதையோடு இருக்கும். நம் சம்பா மிளகாய்க்கு மெல்லிய தோல். சில நாள் வெயிலில் சுருங்கிக் கலகலவென்று ஆகிவிடும். ஹலபேன்யோவை அப்படிப் பரப்பினால் மேல்தோல் காய்வதற்குள் உள்ளே அழுகத் தொடங்கிவிடும். ஆகவே அதை நெருப்பின் மேல், புகையில் போட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் சிபோட்லே. மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டிலில் ‘சில்லி’ என்றால் மிளகாய், ‘போக்ட்லி’ என்றால் புகை. நாம் மிளகையும் காயையும் சேர்த்து மிளகாய் என்று பெயர் வைத்தோம். அவர்கள் மிளகாயையும் புகையையும் சேர்த்து வைத்தார்கள்.

இந்தப் பழக்கம் ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது. 1529-இல் மெக்சிகோவுக்கு வந்த பெர்னார்தினோ தெ சகாகுன் என்ற பாதிரியார், அந்த மக்களின் வாழ்க்கையை அவர்களிடமே கேட்டுக் கேட்டுப் பல பாகங்களாகத் தொகுத்தார். அதில் சந்தையில் மிளகாய் விற்பவர் கடைவிரிக்கும் சரக்குகளின் பட்டியல் வருகிறது. புகையூட்டிய மிளகாயும் அந்தப் பட்டியலில் உண்டு.

சிபோட்லேவுக்குப் பச்சைக் காய் ஆகாது. செடியிலேயே பழுத்து, அடர் சிவப்பாகி, நீர் சுண்டத் தொடங்கும் வரை விட்டுவைக்கிறார்கள். பறித்ததும் மூடிய அறைக்குள் கம்பித்தட்டுகளில் பரப்பி, கீழிருந்து விறகுப் புகையை ஏற்றுகிறார்கள். நடுநடுவே கிளறிவிட வேண்டும். நாள்கணக்கில் புகை உண்டு சுருங்கிய பழம் கடைசியில் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். பத்துக் கிலோ பழத்துக்கு ஒரு கிலோ வற்றல். இதில் இரண்டு வகை உண்டு. குறைந்த நேரம் புகையில் இருந்து, கருஞ்சிவப்பாக, தொட்டால் தோல்போல் வளைவது மொரீட்டா. நெடுநேரம் புகையில் கிடந்து, பழுப்பேறி, பார்வைக்குச் சுருட்டுத் துண்டுபோல் ஆகிவிடுவது மெக்கோ. மெக்சிகோவிலிருந்து வெளியூர் போவதில் பெரும்பகுதி மொரீட்டா. மெக்கோவை உள்ளூர்க்காரர்களே விரும்பி வாங்கித் தீர்த்துவிடுகிறார்கள்.

முதல் சிக்கல், அதாவது மழை, ஸ்பெயினின் லா வேரா பள்ளத்தாக்கில். தெற்கே மூர்சியாவில் மிளகாயை வெயிலில் காயவைத்தே பொடி செய்கிறார்கள். லா வேராவிலோ பழம் பழுக்கும் இலையுதிர் காலமும் மழையும் சேர்ந்தே வரும். அதனால் அங்கே காயவைப்பதற்கென்றே வீடு கட்டினார்கள். கீழ்த்தளத்தில் ஓக் விறகு கனன்றுகொண்டிருக்கும். மேல்தளத்தில் மரச்சட்டங்களின் மேல் பழங்கள் குவிந்திருக்கும். பத்துப் பதினைந்து நாள் தீ அணையக் கூடாது, அனலும் அடிக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் மேலே ஏறி, கண்ணைக் கரிக்கும் புகையில் நின்று, பழங்களைக் கையால் புரட்டிவிட வேண்டும். இப்படிச் சூடு குறைவாகவும் நிதானமாகவும் காய்வதால்தான் நிறம் மங்குவதில்லை. பிறகு கல் இயந்திரத்தில் மெல்ல அரைத்தால் பிமென்டோன் என்னும் செம்பொடி கிடைக்கும். இனிப்பானது, இரண்டுங்கெட்டான், காரமானது என மூன்று தரங்களில் விற்கிறார்கள். 

நமக்கு இன்னும் பக்கத்தில் நாகாலாந்து. மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் அந்த மலைவீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி இறைச்சி, மீன், மிளகாய் எல்லாவற்றையும் தொங்கவிடுகிறார்கள். சமையல் புகையே அவற்றைப் பதப்படுத்திவிடுகிறது. பத்து லட்சம் ஸ்கோவில் அளவைத் தாண்டி 2007-இல் உலகின் மிகக் காரமான மிளகாய் எனக் கின்னஸில் ஏறிய பூத் ஜொலோகியாவின் நாகாலாந்து உறவு, ராஜா மிளகாய். புகையில் காய்ந்த ராஜா மிளகாயில் ஒரு துணுக்கு போதும், பானைப் பன்றிக்கறிக்கு. சிலி நாட்டின் மபுச்சே மக்களும் இதே வழியில்தான் போகிறார்கள்: ஆட்டுக்கொம்பு போல் வளைந்த மிளகாயைப் புகையில் காயவைத்து, வறுத்த கொத்தமல்லி விதையும் உப்பும் சேர்த்து இடித்தால் அது மெர்க்கேன். இட்லிப் பொடி தெரிந்தவர்களுக்கு அதன் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மரம் எரியும்போது அதன் லிக்னின் சிதைந்து குவாயகால், சிரிங்கால் போன்ற சேர்மங்கள் ஆவியாகின்றன. புகைவாசம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். கிருமிகள் பெருகாமல் தடுக்கும் குணமும் இவற்றுக்கு உண்டு. நாள்கணக்கில் நீர் வெளியேற வெளியேற, பழத்தின் சர்க்கரை செறிந்து கொண்டே போக, அந்தச் செறிவுக்குள் புகை ஊறுகிறது. கங்குத் துண்டில் நெய் விட்டுப் பாத்திரத்தை மூடி, வடநாட்டுப் பாணியில் புகையூட்டிய சாதாரண வற்றலில் இந்த ஆழம் வராததற்குக் காரணம் அதுவே. ஐந்து நிமிடப் புகை மேலே தங்கும்; பதினைந்து நாள் புகை சதைக்குள் இறங்கும்.

சமைக்கும்போது மறக்கக் கூடாதது ஒன்று: இது ஏற்கெனவே நெருப்பைக் கண்ட பொருள். மீண்டும் கருக விட்டால் கசக்கும். சிபோட்லேவைக் காம்பு கிள்ளி, காரம் குறைய வேண்டுமானால் விதையை உதறி, சூடான வாணலியில் வாசம் எழும் வரை மட்டும் புரட்டிப் போட வேண்டும். அப்புறம் வெந்நீரில் இருபது நிமிடம் ஊறட்டும். பியூப்லா நகரின் ‘தீங்கா’வுக்கு அடிப்படை இவ்வளவுதான்: ஊறிய மிளகாயைத் தக்காளி, பூண்டோடு அரைத்து, நிறைய வெங்காயம் வதங்கிய எண்ணெயில் ஊற்றிச் சுண்டவிட்டு, வேகவைத்துப் பிய்த்த கோழியை அதில் புரட்டுகிறார்கள். மொறுமொறுப்பான சோள அடையின் மேல் வைத்துக் கொஞ்சம் புளித்த கிரீம் விட்டுச் சாப்பிடுவது வழக்கம். வினிகர், தக்காளிச் சாந்தில் ஊறி டப்பாவில் வரும் சிபோட்லே கைவசம் இருந்தால் ஊறவைக்கும் வேலையும் மிச்சம்.

கறி சாப்பிடாதவர்களுக்கு இந்த மிளகாய் இன்னும் பெரிய வரம் என்றே சொல்ல வேண்டும். காராமணியோ ராஜ்மாவோ வேகும் பானையில் ஒரு மொரீட்டாவை முழுசாகப் போட்டு, இறக்கும்போது எடுத்துவிட்டால் போதும். விறகடுப்பில் விடிய விடியக் கொதித்த குழம்பின் மணம் கேஸ் அடுப்பிலேயே வந்துவிடும். சுட்ட கத்தரிக்காயைப் பிசையும்போது பிமென்டோன் ஒரு சிட்டிகை சேர்த்தால் இரண்டு புகைகளும் ஒன்றோடொன்று இழைகின்றன. புளிக்குழம்பில் மட்டும் அளவு பார்த்துத்தான் போட வேண்டும். புளிப்பும் புகையும் சேர்ந்தால் ஒன்றையொன்று தூக்கிவிட்டு மற்ற மசாலாவை அமுக்கிவிடும்.

பிமென்டோன் பொடியைக் கையாள்வதில் ஸ்பானியச் சமையல்காரர்கள் காட்டும் கவனம் பார்க்க வேண்டிய ஒன்று. பூண்டு பொன்னிறமானதும் சட்டியை அடுப்பிலிருந்தே இறக்கிவிடுகிறார்கள். எண்ணெயின் சூடு சற்றுத் தணிந்த பிறகே பொடி விழுகிறது. கரண்டியால் இரண்டு சுற்று, உடனே கஞ்சியோ தண்ணீரோ ஊற்றியாகிவிடும். கலீசியாவின் ஆக்டோபஸ் தட்டிலோ பொடி அடுப்பையே பார்ப்பதில்லை. வெந்த துண்டுகளின் மேல் கல் உப்பு, அதன்மேல் பிமென்டோன், கடைசியாக ஆலிவ் எண்ணெய். தட்டு மரத்தாலானது. எண்ணெய் சிவந்து அதன் ஓரத்துக்கு ஓடிவருகிறது. ரொட்டியைப் பிய்த்து அதைத் துடைத்துத் தின்கிறார்கள்.