கொச்சி யூதர்கள்: படத்தில் பதிந்ததும் பதியாததும்

கொச்சி மட்டாஞ்சேரியிலுள்ள பரதேசி ஜெப ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. அதன் நானூறாம் ஆண்டு விழா 1968 டிசம்பரில் நடந்தபோது பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார். ஆலயத்தின் உட்புறத்தைக் காட்டும் அஞ்சல்தலையும் வெளியானது. தொங்கும் கண்ணாடி விளக்குகளையும் சீனத்து நீலவெள்ளைத் தரை ஓடுகளையும் உலகமே படங்களில் பார்த்துவிட்டது. அங்கே தொழுத மக்களோ அந்த அளவுக்குப் படங்களில் இடம்பெறவில்லை.

சபாத் எனும் ஓய்வுநாள் இதற்கு ஒரு முக்கியக் காரணம். வெள்ளி அந்தி முதல் சனி இரவு வரை தீ மூட்டக்கூடாது, தொழில் செய்யக்கூடாது. கேமராவை இயக்குவதும் இந்த விலக்கில் அடங்கும். பெரிய திருநாட்களுக்கும் ஏறக்குறைய இதே விதிதான். ஊர் முழுக்க ஒன்றுகூடும் நேரத்தில்தான் படமெடுக்க வழியில்லை. திருமணங்கள் ஓய்வுநாளில் நடப்பதில்லை; அதனால் குழுப்படங்களுக்கு அவை இடம் கொடுத்தன.

மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் 1937இல் கொச்சிக்கு வந்து அங்குள்ள யூதர்களை ஆராய்ந்தார், படமும் எடுத்தார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்த வாழ்க்கையே இடம் மாறிவிட்டது. ஏறத்தாழ 2,500 கேரள யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேல் சென்றனர். பலர் நெகேவ் பாலைநிலத்தின் நெவாதிம் கிராமத்தில் குடியேறினர். மட்டாஞ்சேரியின் இன்னொரு ஜெப ஆலயமான கடவும்பாகத்தின் மரவேலைப்பாடுகளும் பின்னாளில் ஜெருசலேம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன.

வேறு நாடுகளின் யூத வாழ்வையும் சிலர் படமெடுத்தனர். புகைப்படக் கலைஞர் ரோமன் விஷ்னியாக் 1930களின் பிற்பகுதியில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களைப் படமெடுத்தார். அவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் கொல்லப்பட்டனர். பிரெஞ்சுக் கலைஞர் ஃபிரெடெரிக் பிரென்னர் 1978இல் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகள், நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் யூத வாழ்வைப் பதிவுசெய்தார். மாண்டல்பாமின் படங்கள் இவற்றுக்கு நிகரான மதிப்புடையவை. தமிழில் அவற்றைப் பற்றிப் பேச்சே இல்லாதது பெரும் குறை.

சென்னையின் நிலை வேறு. புனித ஜார்ஜ் கோட்டையையொட்டி வைரமும் பவளமும் விற்ற யூத வணிகர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே இருந்தனர். 1688இல் அமைந்த முதல் மாநகராட்சியில் அவர்களில் மூவர் உறுப்பினர். கேமரா பிறக்க அப்போது இன்னும் ஒன்றரை நூற்றாண்டு இருந்தது. அவர்களுக்கு முகமில்லை, கல்லறைக் கற்களே உண்டு. அவற்றில் சில இன்று லாயிட்ஸ் சாலை யூதக் கல்லறையில் உள்ளன.

அந்தக் கற்களில் தேய்ந்த எபிரேய எழுத்து நண்பகலில் கண்ணுக்குத் தெரியாது. காலைச் சாய்வெயிலில் நிழல் விழுந்து தெளியும். எழுத்து தெரியச் சுண்ணாம்புப் பொடி தேய்த்தால் கல் கெடும். ஆர்வமுள்ள கல்லூரி மாணவர்கள் அனுமதி பெற்று ஒவ்வொரு கல்லையும் படமெடுத்து, நாளும் பெயரும் குறித்து வைக்க வேண்டும்.