கலரை பார்க்கும் முன் கம்பியை பாருங்க! மழைக்கு ஏற்ற ஸ்டைல் குடை வாங்குவது எப்படி?

சென்னை,

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு பருவமழை காலம். முதல் மழை கொட்டியதுமே பாரிமுனை, தி.நகர் ரங்கநாதன் தெரு, பாண்டி பஜார் கடைகளில் குடை வாங்க கூட்டம் மொய்க்கும். "வேற கலர் இருக்கா?" என்பதுதான் பலரும் கேட்கும் முதல் கேள்வி.

ஆனால் ஆசைப்பட்டு வாங்கிய கலர் குடை, கடற்கரை பக்கம் ஒரு காற்று அடிச்சதும் மேல்நோக்கி மடங்கி கம்பி முறிந்து போகும். கொடுத்த பணம் ஒரே மழையில் காலி. அழகும் வேணும், உழைக்கவும் வேணும் என்றால் என்ன செய்யலாம்? இதோ விவரம்:-

எதில் போறீங்க?

பஸ், மின்சார ரெயிலில் வேலைக்கு போகிறவர்களுக்கு 3 மடிப்பு குடை வசதி. கைப்பைக்குள் அடங்கிவிடும். ஆனால் மடிப்பு கூடக்கூட கம்பியில் இணைப்புகளும் கூடும். பலத்த காற்றில் முதலில் உடைவது அந்த இணைப்புதான்.

ரொம்ப தூரம் நடப்பவர்களுக்கு, வளைந்த கைப்பிடி உள்ள நீளக்குடைதான் பெஸ்ட். "தாத்தா குடை" என்று கிண்டல் செய்தாலும் தோள், முதுகுப்பை எல்லாம் நனையாது. இரண்டுக்கும் நடுவில் 2 மடிப்பு குடை இருக்கு.

சின்ன பிள்ளைகளுக்கு முனை மழுங்கிய, கையால் விரிக்கும் குடையே போதும். பட்டன் குடை படாரென விரியும்போது முகத்தில் படலாம்.

கடையிலேயே டெஸ்ட்

* குடையை விரித்து கம்பிகளை எண்ணுங்க. சாதாரணமாக 8 இருக்கும். 10, 12 கம்பி இருந்தால் காற்றை இன்னும் கொஞ்சம் தாங்கும், எடையும் கூடும்.

* மெல்லிய இரும்பு கம்பி வளைந்தால் வளைந்ததுதான். துருவும் பிடிக்கும். பைபர் கிளாஸ் கம்பி வளைந்து கொடுத்து பழைய நிலைக்கு திரும்பும். துருப்பிடிக்காது.

* துணியை வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. நெசவு நெருக்கமா இருந்தால்தான் மழை உள்ளே தூறாது. மே மாத வெயிலுக்கும் அதே குடை உதவணும்னா, உள்பக்கம் வெள்ளி அல்லது கறுப்பு பூச்சு உள்ளதை எடுங்க.

* ஈர கைக்குட்டையால் துணியை தேய்த்து பாருங்க. சாயம் ஒட்டினால் அந்த குடை வேண்டாம். வெள்ளை சட்டை, பட்டுப்புடவை பாழாகிவிடும்.

இப்போ கலருக்கு வருவோம்

உங்க பீரோவை ஒரு தடவை திறந்து பாருங்க. பூப்போட்ட சுடிதார், பிரிண்ட் புடவை அதிகமா இருந்தால் பிளெயின் குடை எடுங்க. ஒரே கலர் உடைகள் அதிகம் என்றால் பூ, கோடு, கட்டம் போட்ட குடை எடுப்பா இருக்கும்.

எல்லா உடைக்கும் ஒரே குடைதான் என்பவர்களுக்கு நேவி புளூ, மெரூன் கைகொடுக்கும். கல்யாணம், விசேஷத்துக்கு பட்டு உடுத்தி போகும்போது மரக்கைப்பிடி வைத்த நீளக்குடை தனி கம்பீரம். வெள்ளை வேட்டி-சட்டைக்கு கறுப்பு குடையை அடிச்சுக்க ஆளே இல்லை.

ஆனால் இரவில் வேலை முடிந்து ரோட்டை கடப்பவர்கள் கவனிக்கணும். இருட்டில் கறுப்பு குடையும் கறுத்த உடையும் டிரைவர் கண்ணில் படாது. மஞ்சள், ஆரஞ்சு அல்லது ஓரத்தில் ஒளிரும் பட்டை உள்ள குடை உயிரையே காப்பாற்றும்.

பைக்கில் மட்டும் வேண்டவே வேண்டாம்

எவ்வளவு நல்ல குடையாக இருந்தாலும் இருசக்கர வாகனத்தில் விரிக்க கூடாது. வண்டி ஓடும் வேகத்தில் காற்று குடையை பின்னால் இழுக்கும். பிடித்திருப்பவர் நிலைதடுமாறி ரோட்டில் விழுவார். ஓட்டுபவருக்கும் பார்வை மறையும். பின்னால் அமர்ந்து புடவை கட்டி, கையில் குழந்தையும் வைத்திருக்கும் பெண்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். 2021-ம் ஆண்டு அக்டோபரில், இருசக்கர வாகனத்தில் குடை பிடித்து செல்ல கேரள போக்குவரத்து துறை தடையே விதித்தது. பைக்கில் போறவங்க மழைக்கோட்டு வாங்குங்க. இல்லையென்றால் மழை விடும்வரை ஓரமா நில்லுங்க.

அதேபோல் இடி-மின்னல் நேரத்தில் திறந்தவெளியில் குடை பிடித்து நிற்பதும் கூடாது.

பல வருஷம் உழைக்க...

நனைந்த குடையை சுருட்டி உறையில் போட்டால் கம்பி துருப்பிடிக்கும், துணி நாறும். வீட்டுக்கு வந்ததும் விரித்து நிழலில் காய வையுங்க. ஒரு கம்பி கழன்றதற்காக தூக்கி போட்டுடாதீங்க. மழைக்காலத்தில் தெருவோரம் உட்கார்ந்திருக்கும் குடை ரிப்பேர்காரரிடம் கொடுத்தால், புதுக்குடை செலவு மிச்சம். அவருக்கும் அன்றைய வருமானம்!