சமுதாயக் கல்லூரியின் தலைவர்



கல்லூரித் தலைவர் ஒருவரின் திறமையை எதனைக்கொண்டு அளந்தறிவது? எழுப்பிய கட்டடங்கள், தேறிய மாணவர் தொகை, பெற்ற பரிசுகள் என்று பலர் கணக்கிடுவர். சமுதாயக் கல்லூரியின் தலைவருக்கு இக்கணக்குப் போதாது. வேறெங்கும் இடம் கிடைக்காதவர்க்கு அவர் வழி திறந்தாரா என்று கேட்பதே முறை என்பது என் கருத்து.

புதுச்சேரியின் நெற்களஞ்சியமாகிய பாகூரை எடுத்துக்கொள்வோம். ஒன்பதாம் நூற்றாண்டில் அவ்வூரில் வித்தியாஸ்தானம் எனப்படும் கல்விக்கூடம் ஒன்று நடைபெற்றது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு, மூன்று ஊர்கள் அதற்குக் கொடையாக அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்பன அவ்வூர்கள். உழவர் விளைத்த நெல் கல்வியைக் காத்தது என்று எண்ணும்போது நெஞ்சம் பெருமிதம் கொள்கிறது. ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. அங்குப் பயிலப்பட்டது வேத சாத்திரக் கல்வி. அதற்கு உரியவராயிருந்தோர் அந்தணர். நெல்லை விளைத்தவன் வீட்டுப் பிள்ளைக்கு அங்கு இடம் இல்லை.

ஊரார் உழைப்பால் நடக்கும் கல்வி ஊரார் அனைவர்க்கும் உரியதாதல் வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்காவில், சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும், ஜோலியட் நகர உயர்நிலைப் பள்ளியை நடத்திய ஸ்டான்லி பிரவுனும் இத்துறைக்கு வழிகாட்டினர். 1901ஆம் ஆண்டு ஜோலியட்டில் ஆறு மாணவர்களுடன் ஈராண்டுக் கல்லூரி தொடங்கியது. வீட்டைவிட்டு வெளியூர் செல்ல இயலாத இளைஞர், கல்லூரிப் படிப்பின் முற்பகுதியை உள்ளூரிலேயே கற்க அது உதவியது. ‘சமுதாயக் கல்லூரி’ என்னும் பெயரோ, அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழுவின் 1947ஆம் ஆண்டு அறிக்கையால் அந்நாடெங்கும் பரவிற்று.

இந்தியாவில் இம்முயற்சிக்கு முதலிடம் தந்த பெருமை புதுச்சேரியைச் சாரும். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இல் சமுதாயக் கல்லூரியை நிறுவியது. அடுத்த ஆண்டு சென்னையிலும் ஒன்று தோன்றியது. இவ்வியக்கத்தை நாடெங்கும் கொண்டுசென்றவர்களுள் முதன்மையானவர் சேவியர் அல்போன்ஸ் என்னும் இயேசு சபைத் துறவி. அவர் சென்னை இலயோலா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். நல்ல மதிப்பெண் பெற்றோர் இடம் தேடி வரும் கல்லூரியை நடத்திய அவர், பள்ளிப் படிப்பை இடையில் விட்டோர்க்கும், ஏழைப் பெண்களுக்கும் கல்வி தேடிப் புறப்பட்டார். 1999இல் சென்னையில் இதற்கென ஓர் ஆய்வு வளர்ச்சி மையம் நிறுவிப் பல மாநிலங்களில் இத்தகைய கல்லூரிகள் தோன்றத் துணைநின்றார்.

இக்கல்லூரிகளின் பாடத்திட்டம் மூன்று கூறுகளை உடையது. பிறரோடு பேசவும் பழகவும் பணத்தைக் கணக்கிட்டுச் செலவிடவும் கற்பிக்கும் வாழ்க்கைத் திறன் முதற்கூறு. தொழில் திறன் இரண்டாவது. மருத்துவமனையிலோ தொழிற்கூடத்திலோ நேரில் பெறும் பணிப் பயிற்சி மூன்றாவது.

இங்கேதான் தலைவரின் பொறுப்பு எத்துணைப் பெரிது என்பது விளங்கும். கூலி வேலையை விட்டுப் படிக்க வருபவன் பல மாதக் கூலியை இழந்து வருகிறான். படிப்பின் முடிவில் வேலை கிடைக்காவிடில் அவன் குடும்பம் முன்னினும் வறுமையுறும். ஆகவே, ஒரு பாடத்தைத் தொடங்குமுன், அவ்வட்டாரத்தில் எத்தொழிலுக்கு ஆள் வேண்டும் என்பதைத் தலைவர் ஊருக்குள் நடந்து கேட்டறிதல் வேண்டும். வில்லியனூர்ச் சுடுமண் கைவினை புவிசார் குறியீடு பெற்றது. அங்குப் பணியாற்றும் தலைவர், வடிவமைப்பும் கணக்கும் விற்பனை முறையும் கற்றால் அக்கைவினைஞரின் பிள்ளைகள் உயர்வார்களா என்று ஆராய்வார். பாகூரிலோ, நீர்ப்பாசனமும் பண்ணைக் கருவிகளைப் பழுதுபார்த்தலும் அவர் கருத்தில் முன்நிற்கும். வேலை தருவோரையே ஆசிரியராக அழைப்பதும், பயின்றோர் பின்னர் என்ன ஆயினர் என்று விசாரிப்பதும் அவர் கடமைகளாகும்.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளைக் கல்லூரிகளை நடத்துவீர்கள். உங்கள் மேசைமீது விண்ணப்பங்கள் குவியும்போது, விண்ணப்பிக்கவே துணியாதவர் எவர் என்று எண்ணிப் பாருங்கள். அவரைத் தேடிச் செல்வதிலிருந்தே தலைமை தொடங்குகிறது.