கண்ணை உருட்டினால் கண்ணாடி கழலுமா?

விழியை மேலும் கீழும் உருட்டு, வட்டமாகச் சுழற்று, சில வாரத்தில் கண்ணாடியைத் தூக்கி எறி என்று சொல்லும் வீடியோக்களுக்குக் குறைவில்லை. இந்த நம்பிக்கைக்கு மருத்துவச் சாயம் பூசியவர் நியூயார்க் கண் மருத்துவர் வில்லியம் பேட்ஸ். விழியைச் சுற்றியுள்ள தசைகள் இறுகி அதன் வடிவத்தை மாற்றுவதால்தான் பார்வை மங்குகிறது என்று 1920இல் வெளியிட்ட நூலில் அவர் வாதிட்டார். கேட்பதற்கு நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அந்தத் தசைகளின் வேலையே வேறு.

ஒவ்வொரு விழியையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. நான்கு நேராக ஓடுபவை, இரண்டு சாய்வானவை. சாய்வானவற்றில் மேலே இருப்பது, மூக்கையொட்டிய எலும்பில் உள்ள ஒரு குருத்தெலும்பு வளையத்துக்குள் நுழைந்து, கிணற்று ராட்டினத்தில் கயிறு திரும்புவதுபோல் திரும்பி வந்து விழியைப் பிடிக்கிறது. இந்த ஒரு தசைக்காகவே மூளையிலிருந்து தனி நரம்பு வருகிறது! விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழியில் விழும் பிம்பம் மட்டுமே துல்லியமாகத் தெரியும் என்பதால், இந்த வரியைப் படிக்கும்போதுகூட நொடிக்கு மூன்று நான்கு முறை உங்கள் விழி தாவிக்கொண்டிருக்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் உழைக்கும் தசைக்குப் பத்து நிமிட உருட்டல் என்ன பலத்தைக் கூட்டிவிடப் போகிறது?

தூரத்துக்கும் கிட்டத்துக்கும் குவியத்தை மாற்றுவது விழிக்குள், லென்ஸைச் சுற்றி இருக்கும் வேறொரு தசை. பேட்ஸுக்கு நூறாண்டு முன்பே, 1801இல், இங்கிலாந்தின் தாமஸ் யங் லென்ஸின் பங்கை நிறுவிவிட்டார். விழியை மூக்குப்பக்கம் நன்றாகத் திருப்பி, அதன் முன்னும் பின்னும் உலோக வளையங்களை அழுத்தி வைத்துக்கொண்டார். பின்னால் அழுத்தும்போது ஓர் ஒளிப்பொட்டு தெரியும். கிட்டத்தில் பார்க்கையில் விழி நீள்வது உண்மையானால் அழுத்தம் கூடிப் பொட்டு பெரிதாகியிருக்க வேண்டும், ஆகவில்லை. நீர் நிரப்பிய சிறு குழாயைக் கண்ணோடு ஒட்டவைத்து, கருவிழியின் வளைவுக்கு வேலையில்லாமல் செய்தும் பார்த்தார். அப்போதும் குவியம் மாறியது. மிஞ்சியது லென்ஸ்தான். கிட்டப்பார்வை பெரும்பாலும் விழி அளவுக்கு மீறி நீண்டு வளர்ந்துவிடுவதால் வருவது. சுமார் 24 மில்லிமீட்டர் நீள விழி ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடினாலே இரண்டரை முதல் மூன்று பவர் ஏறிவிடும். வளர்ந்துவிட்ட நீளத்தை உருட்டிக் குறைக்க வழியில்லை.

“எனக்குக் குறைந்ததே” என்பவர்களைப் பொய்யர்கள் என்று தள்ளிவிட முடியாது. கண்ணை இடுக்கிப் பார்த்தாலே எழுத்து சற்றுத் தெளியும். சோதனையில் பார்த்துப் பழகிய எழுத்து அட்டையை மனம் நிரப்பிக்கொள்ளும். சிறுவர்களுக்கு உள்தசை இறுகிப்போய் இல்லாத கிட்டப்பார்வை இருப்பதுபோல் தெரிவதும் உண்டு. அதனால்தான் சொட்டு மருந்து விட்டுச் சோதிக்கிறார்கள். மருத்துவர்களே பயிற்சி தருகிறார்களே என்பது இதைவிட வலுவான கேள்வி. தருகிறார்கள், வேறொரு கோளாறுக்கு. கிட்டத்தில் படிக்கையில் இரு விழிகளும் ஒருசேர உள்நோக்கித் திரும்பாத சிறுவர்களுக்கு, மருத்துவமனையில் முறையாகத் தரும் பயிற்சி நன்றாகப் பலனளிப்பதை 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அங்கே பழக்கப்படுவது விழிகளைச் சேர்ந்து திருப்பும் திறன். அந்தச் சிறுவனுக்குக் கிட்டப்பார்வையும் இருந்தால், பயிற்சி முடிந்த பிறகும் அதே கண்ணாடியைத்தான் போட்டுக்கொள்வான்.