சாம்பல் யார் கணக்கு?

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். அந்த 100 யூனிட்டும் நம் நாட்டு நிலக்கரியிலிருந்தே வந்ததாக வைத்துக்கொள்வோம். அதற்கு ஏறத்தாழ 70 கிலோ நிலக்கரி எரிந்திருக்கும். இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல்தான். ஆக, அரை மூட்டை சிமென்ட் எடைக்குச் சாம்பல் எங்கோ ஓரிடத்தில் மிஞ்சுகிறது. மின் கட்டணத்தில் அது வருவதில்லை. சென்னைக்காரர்களைப் பொறுத்தவரை அந்த ‘எங்கோ’ பெரும்பாலும் எண்ணூர்.

வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பலைத் தண்ணீரில் குழைத்து, குழாய் வழியே சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். வல்லூர் அனல் மின் நிலையமும் பக்கத்திலேயே இருக்கிறது. சாம்பல் சொரசொரப்பானது, உரசி உரசியே குழாயைத் தின்றுவிடும். குழாய் விட்டுப்போகும் இடங்களில் வெளியேறும் சாம்பல் கூழ் உப்பங்கழியிலும் பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலையாற்றிலும் படிகிறது. கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் அமர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் உண்டு. அவர்கள் கைக்கு இப்போது சேற்றோடு சாம்பலும் வருகிறது. ஆழம் குறைந்த இடத்தில் படகு தரைதட்டுகிறது. சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கத்திலோ காற்றுக் காலத்தில் சோற்றுப் பானையை மூடித்தான் வைக்க வேண்டும்.

“சாம்பல்தானே, செங்கலும் சிமென்டும் செய்கிறார்களே” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சிமென்டில் இறுகிய சாம்பலால் பெரிய தொல்லை இல்லை. தண்ணீரில் ஊறும் சாம்பல் வேறு. அதில் ஆர்செனிக், ஈயம், பாதரசம், குரோமியம் போன்றவை சிறிதளவில் இருக்கும். ஊற ஊறக் கசிந்து நிலத்தடி நீருக்கும் போகலாம். காற்றில் பறக்கும் நுண்துகள் நுரையீரலின் அடி வரை இறங்கும். புகைபோக்கி வழியே போவது தனிக் கணக்கு: யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு, கூடவே கந்தக டை ஆக்சைடு. அந்தக் கந்தகத்துக்கு 2015 டிசம்பரில் மத்திய அரசு வரம்பு விதித்தது. பிறகு கெடுவைத் தள்ளிக்கொண்டே வந்து, 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அனல் மின் நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டது. விதியை மதித்துக் கருவி பொருத்தியவர்களை ஏமாளி ஆக்கிய முடிவு என்பேன்.

சாம்பல் விஷயத்தில் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. 2021 டிசம்பர் 31 தேதியிட்ட அறிவிக்கையின்படி, மின் நிலையம் தன் சாம்பல் முழுவதையும் பயன்பாட்டுக்கு அனுப்பியாக வேண்டும். கெடு முடிந்தும் மிஞ்சினால் டன்னுக்கு 1,000 ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு. குளங்களில் தேங்கிக் கிடக்கும் பழைய சாம்பலுக்குப் பத்தாண்டு அவகாசம். மாசற்ற நீரும் காற்றும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை 1996இல் அது உறுதிசெய்த வழக்கும் நம் ஊருடையதுதான். வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றியது.

சரி, குழாய் உடைகிறது. என்ன செய்வது?

அன்றைக்கே தேதி, நேரம், இடம் தெரியும்படி படம் எடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது சொன்னதாகவே ஆகாது. தண்ணீர் மாதிரியை நீங்கள் பாட்டிலில் பிடித்துச் சோதித்தாலும், குற்ற வழக்குக்கு வாரிய அதிகாரி முறைப்படி எடுத்த மாதிரிதான் செல்லும். அதனால் புகாரிலேயே “வந்து மாதிரி எடுங்கள்” என்று கேளுங்கள். கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுத்தால் கன உலோகங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமான குடிநீர்ச் சோதனை உப்பு, கடினத்தன்மை போன்றவற்றோடு நின்றுவிடும்.

அடுத்து, அந்த நிலையத்தின் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம். என் கணிப்பில் மக்கள் தரப்பின் வலுவான ஆயுதம் இதுதான். ஆனால் தேடிப் படிப்பவர்கள் குறைவு. சாம்பலை எப்படிக் கையாள வேண்டும், எதைக் கண்காணிக்க வேண்டும் என்று நிபந்தனை நிபந்தனையாக அதில் இருக்கும். நிறைவேற்றியதாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிலையமே அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கைகளையும் வாரியத்தின் ஆய்வுக் குறிப்புகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம்; 30 நாளில் பதில் வர வேண்டும். அறிக்கையில் ‘கசிவு இல்லை’ என்றிருந்து உங்கள் படத்தில் கசிவு இருந்தால், வழக்கில் பாதி வேலை முடிந்தது.

வழக்குக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். தென் மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கம் கலச மஹாலில் இயங்குகிறது. நேராக நீங்களே மனு போடலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். கேட்டால் தொகையில் ஒரு சதவீதம், குறைந்தது 1,000. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணமே கிடையாது. சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி இத்தீர்ப்பாயத்துக்கு இல்லை என்பதால் நீங்கள் எடுத்த படங்களும் புகார் ஒப்புகையும் இங்கே எடுபடும்.

காலக்கெடுவில்தான் பலர் சறுக்குகிறார்கள். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். “பத்து வருஷமா இப்படித்தாங்க சாம்பல் வருது” என்று மனுவில் எழுதினால், காலம் கடந்த வழக்கு என்று எதிர்த்தரப்பு கையைத் தட்டிக்கொண்டு எழும். எந்தத் தேதியில் எந்தக் குழாய் உடைந்தது என்று தனித்தனியாக எழுதுங்கள்.

வக்கீலுக்கு வழியில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இதில் நேரடியாக வருவார்கள்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன டன்னுக்கு 1,000 ரூபாய் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குக்குப் போகும். வலை வீணானவர் கைக்கு அதில் ஒரு பைசா வராது. அவர் தன் இழப்பைத் தீர்ப்பாயத்தில் தனியாகக் கேட்க வேண்டும். அதற்குக் கெடு ஐந்து ஆண்டு. எத்தனை நாள் பாடு இல்லை, எவ்வளவு இறால் குறைந்தது என்று காட்ட வேண்டியவரும் அவரே. மீன் விற்ற சீட்டுகளை இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள்.