வைரஸ் தொற்றும் ஈசினோபில் நிமோனியாவும்

"உமக்கு ஈசினோபீலியா" என்று வைத்தியர் கூறக் கேட்பது நம் நாட்டில் சாதாரணம். ஆயின் இது நோயின் பெயரன்று. ரத்தத்தில் ஒருவகை வெள்ளணுக்கள் அளவுக்கு மிஞ்சியிருப்பதைக் குறிக்கும் சொல்லாகும். ஈசின் என்னும் சிவப்புச் சாயத்தை நன்கு ஏற்பதால் இவற்றுக்கு 1879-இல் பால் எர்லிக் ஈசினோபில் எனப் பெயரிட்டார். இவை நுரையீரலில் குவிந்து அழற்சி விளைவிப்பின் அதனை ஈசினோபில் நிமோனியா என்பர்.

குடற்புழுக்கள், யானைக்கால் நோயின் நுண்புழுக்கள், சில மருந்துகள், பூஞ்சைகள், புதிதாகத் தொடங்கிய புகைப்பழக்கம் ஆகியவை இதன் அறிந்த காரணங்கள். வைரஸ் தொற்றும் ஒரு காரணமாகுமா என்பதே வினா.

1966-இல் அமெரிக்காவில், ஆர்.எஸ்.வி. என்னும் சுவாச வைரஸைப் பார்மலினால் செயலிழக்கச் செய்து தயாரித்த தடுப்பு மருந்து குழந்தைகளுக்குக் குத்தப்பட்டது. பின்னர் அவ்வைரஸ் தொற்றியபோது, குத்திக்கொண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் கடும் நோயுற்று மருத்துவமனை சேர்ந்தனர், இருவர் மாண்டனர். அவர்களுடைய நுரையீரலில் ஈசினோபில்கள் காணப்பட்டன என்று அக்காலத்தில் எழுதினர். பல்லாண்டுகளுக்குப் பின் அத்திசுக்களை மறுபடி ஆராய்ந்தோர், பிற அணுக்களே மிகுதி என்றனர். 2009-இல் எச்1என்1 இன்புளூயன்சா பரவியபோதும், அந்நோயாளிகள் சிலரிடம் ஈசினோபில் நிமோனியா தென்பட்டதாக மருத்துவ ஏடுகள் தெரிவித்தன. ஈசினோபிலின் துகள்களிலுள்ள ஒரு புரதம் ஆர்.என்.ஏ. வைரஸ்களைச் சிதைக்க வல்லது என ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆகவே அவ்வணுக்கள் வைரஸை எதிர்க்கவே வருகின்றன என எண்ணவும் இடமுண்டு.

எனினும் குற்றத்தை வைரஸின்மேல் சுமத்துவது எளிதன்று. வழக்கமான இன்புளூயன்சாவில் ரத்தத்திலுள்ள ஈசினோபில்கள் குறைகின்றனவேயன்றிப் பெருகுவதில்லை. மேலும், காய்ச்சல் கண்டவர் மருந்துண்கிறார். சில நாட்களில் ஈசினோபில் பெருகுகிறது. காய்ச்சலை உண்டாக்கிய வைரஸ் காரணமா, காய்ச்சலுக்கு உண்ட மருந்து காரணமா? தொண்டையில் வைரஸ் அகப்பட்டமை மட்டும் இதற்கு விடையாகாது.

இத்தகைய மயக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1940-இல் மதனப்பள்ளியில் பிரிமோட்-மோலர், பார்ட்டன் என்போர், காசநோய் போலத் தோன்றியும் காசநோயல்லாத ஒரு நோயை விவரித்தனர். 1943-இல் வைன்கார்ட்டன் அதனை வெப்பமண்டல ஈசினோபீலியா என்றழைத்தார். 1960-இல் வேலூர் மருத்துவர்கள் நோயாளிகளின் நுரையீரல் திசுவில் யானைக்கால் நோய்க்குரிய நுண்புழுக்களைக் கண்ட பின்னரே காரணம் தெளிவாயிற்று. அதுகாறும் எத்தனை பேர் காசநோயாளிகளென எண்ணப்பட்டனரோ!

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. வைரஸால் வந்ததெனக் கருதப்படும் ஈசினோபில் நிமோனியாவுக்கு ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். நோயாளி விரைவில் தேறுவார். ஆனால் யானைக்கால் நுண்புழு காரணமாயின் வேண்டுவது டை எதில் கார்பமசீன் மருந்து. ஸ்டிராங்கிலாய்டிஸ் என்னும் குடற்புழு உடலில் மறைந்திருப்பின், ஸ்டீராய்டின் விளைவாக அது உடலெங்கும் பரவி உயிரையே பறிக்கக்கூடும். ஆதலின் மலப் பரிசோதனையும், யானைக்கால் நோய்க்குரிய ரத்தப் பரிசோதனையும், உண்ட மருந்துகளைப் பற்றிய விசாரணையும் முடிந்த பின்னரே வைரஸைச் சந்தேகித்தல் தகும்.